காற்றைக் கட்டிப் போட்ட மாட்டு டாக்டர்
டயருக்குப் பெயர் தந்த டன்லப்பின் வாழ்க்கை வரலாறு

சித்தூர் ஆனாலும் சரி, திருப்பதி ஆனாலும் சரி, காலையில் வேலைக்குப் புறப்படும் தொழிலாளிக்கு வரக்கூடாத துன்பம் ஒன்று உண்டு.

அது, பஞ்சர்!

சக்கரம் புஸ் என்று இளைத்துவிட்டால், அன்று பாதி நாள் சம்பளம் போன மாதிரிதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடையைத் தேட வேண்டும். கடைக்காரர் டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவார். குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடையாளம் செய்வார். ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவுவார். அது காய்ந்ததும் ஒட்டுப் போட்டுத் தட்டுவார்.

தமிழிலும் அதற்குப் பெயர் பஞ்சர். தெலுங்கிலும் பஞ்சர். ஆந்திராவுக்குப் பிழைக்க வந்த தமிழர், மொழி தெரியாமலே கேட்டு வாங்கக்கூடிய உதவிகளில் இதுவும் ஒன்று.

இந்தப் பஞ்சரை உலகத்துக்குக் கொடுத்தவர் ஒரு மாட்டு டாக்டர் என்றால் நம்புவீர்களா?

பஞ்சரை மட்டும் அல்ல. பஞ்சர் ஆகும் டயரையும் அவர்தான் கொடுத்தார். இன்று சைக்கிள் முதல் ஆகாய விமானம் வரை எல்லாம் காற்றின் மேல்தான் ஓடுகின்றன. அந்தக் காற்றை ரப்பருக்குள் கட்டிப் போட்டு, ஊர் உலகம் பயன்படுத்தும்படி செய்தவர் ஜான் பாய்ட் டன்லப்.

அவர் பெயர் கோடிக்கணக்கான டயர்களில் பொறிக்கப்பட்டது. ஆனால் அவர் கோடீசுவரர் ஆனாரா?

அதுதான் இல்லை!

விவசாயி மகன்

ஸ்காட்லாந்து நாட்டில், அயர்ஷயர் பகுதியில், டிரெகார்ன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1840ம் ஆண்டு பிப்ரவரி 5ந் தேதி டன்லப் பிறந்தார்.

பத்து மாதம் நிறையும் முன்பே பிறந்த குழந்தை. அதனால் தன் உடம்பு நோஞ்சான் உடம்பு என்ற எண்ணம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. எதிலும் அலட்டிக்கொள்ளாத, கூச்ச சுபாவம் உள்ள மனிதர். (நோஞ்சான் என்று நினைத்துக்கொண்டே 81 வயது வரை இருந்தார் என்பது வேறு விஷயம்!)

வயல் வேலைக்கு உடம்பு இடம் கொடுக்காது என்று படிக்கப் போனார். எடின்பரோ நகரத்தில் கால்நடை மருத்துவம் படித்தார். 19 வயதிலேயே தேறிவிட்டார்.

சில ஆண்டுகள் எடின்பரோவில் தொழில் செய்த பிறகு, 1867ல் கடலைத் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். அவரும் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்தான்.

முதலில் டவுன்பேட்ரிக் என்ற ஊரில் தம் சகோதரருடன் சேர்ந்து மருத்துவமனை வைத்தார். பிறகு பெல்பாஸ்ட் நகரத்துக்குக் குடியேறினார். 1871ல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன்.

பெல்பாஸ்டில் அவருக்கு நல்ல பெயர். டிராம் வண்டி இழுப்பதும் குதிரை, மூட்டை இழுப்பதும் குதிரை என்று இருந்த காலம் அது. குதிரைக்கு நோய் வந்தால் டன்லப்பைக் கூப்பிட்டார்கள். 1880களின் நடுவில், அயர்லாந்தின் மிகப் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்று அவருடையதாக இருந்தது.

இப்படியே இருந்திருந்தால், நல்ல மாட்டு டாக்டர் என்ற பெயரோடு அவர் கதை முடிந்திருக்கும். உலகம் அவரை மறந்திருக்கும்.

எலும்பை உலுக்கும் வண்டி

அந்தக் காலத்துச் சைக்கிளை இப்போது நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். இரும்பு விளிம்பின் மேல் கெட்டி ரப்பரை ஒட்டியிருப்பார்கள். உள்ளே காற்று கிடையாது. அதனால் பஞ்சரும் கிடையாது. ஆனால் ஏறி உட்கார்ந்தவரின் எலும்பெல்லாம் கழன்றுவிடும்!

ரப்பரைக் கெட்டியாக்கும் வித்தையை 1839ல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்திருந்தார். அதற்கு முன்பு ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் உடையும். கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது இழுவையும் உறுதியும் உள்ள பொருளாக மாறுகிறது என்று குட்இயர் கண்டார். இன்று நெடுஞ்சாலை ஓரங்களில் வல்கனைசிங் என்று பலகை தொங்குகிறதே, அந்த வித்தைதான். குட்இயர் 1860ல் கடனோடு செத்தார். அவர் பெயரில் உள்ள கம்பெனி, அவர் இறந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு வேறு யாரோ தொடங்கியது.

ரப்பர் இருந்தது. சைக்கிளும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே காற்றை வைக்க வேண்டும் என்றுதான் சைக்கிள்காரர் யாருக்கும் தோன்றவில்லை.

மகனுக்காக ஒரு சோதனை

டன்லப்பின் மகன் ஜானிக்கு அப்போது 9 வயது. மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவதில் அவனுக்கு ஆசை அதிகம். பெல்பாஸ்ட் தெருக்களோ கருங்கல் பாவிய தெருக்கள். பையன் வண்டியில் போனால் கடகட என்று உடம்பு குலுங்கும்.

தகப்பனார் அதைப் பார்த்தார். இந்தக் குலுக்கலைக் குறைக்க வழி இல்லையா என்று யோசித்தார்.

1887ம் ஆண்டு அக்டோபர் மாதம். டன்லப்புக்கு வயது 47.

வட்டமான ஒரு மரப்பலகையை எடுத்தார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாய் போல ஒட்டினார். அதைப் பலகையின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே துணியைச் சுற்றி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்று அடிக்கும் பம்பைக் கொண்டு குழாய்க்குள் காற்று அடித்தார்.

பிறகு மகனுடைய வண்டியில் இருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். வீட்டு முற்றத்தில் முதலில் அந்தச் சக்கரத்தை உருட்டிவிட்டார். அது சிறிது தூரம் ஓடி விழுந்துவிட்டது.

அடுத்து, காற்று அடைத்த பலகையை உருட்டினார். அது முற்றத்தின் கடைசி வரை ஓடியது. வாசல் கதவுத் தூணில் மோதியது. அங்கேயும் விழவில்லை. மோதிய வேகத்தில் திரும்பி வந்தது!

டன்லப்புக்கு விஷயம் புரிந்துவிட்டது. குலுக்கலைக் குறைக்கத்தான் அவர் காற்றை அடைத்தார். ஆனால் காற்று இன்னொரு வேலையும் செய்தது. கல்லின் மேல் ஏறும்போது கெட்டிச் சக்கரம் முழுவதும் எகிறிக் குதிக்கிறது. அந்தக் குதிப்பிலேயே பாதிச் சக்தி வீணாகிறது. காற்றுச் சக்கரமோ கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு மேலே போகிறது. சொகுசும் கிடைத்தது, வேகமும் கிடைத்தது.

1888ன் தொடக்கத்தில் ஜானியின் வண்டிப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் மாட்டப்பட்டது. அதில் ஏறிய சிறுவன்தான், பின்னால் உலகம் முழுவதும் பரவிய டன்லப் டயரில் முதலில் சவாரி செய்தவன்.

அதே ஆண்டு ஜூலையில் டன்லப் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். டிசம்பர் 7ந் தேதி அது கிடைத்தது.

சிரித்தவர்கள் தோற்றார்கள்

புது டயரைப் பார்த்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மெல்லிய கெட்டி ரப்பரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இந்தப் பருத்த டயர் கேலிப் பொருளாக இருந்தது.

பெல்பாஸ்டில் வில்லி ஹியூம் என்று ஒரு சைக்கிள் வீரர் இருந்தார். அவர் துணிந்து காற்று டயர் போட்ட சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

1889ம் ஆண்டு மே 18ந் தேதி பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் பந்தயம். ஹியூமின் வண்டியைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. பந்தயம் முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான்கு பந்தயங்களில் கலந்துகொண்டு நான்கிலும் ஹியூம் ஜெயித்தார். அடுத்து இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக்குப் போனார். அங்கேயும் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் வெற்றி!

பெல்பாஸ்ட் பந்தயத்தில் தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற வியாபாரியின் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகள் தோற்றதற்காக டு குரோ கோபப்படவில்லை. தோற்கடித்த டயரை உற்றுப் பார்த்தார். அதில் பணம் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

1889ம் ஆண்டே டப்ளின் நகரத்தில் கம்பெனி ஏற்பட்டது. டு குரோ தலைவர். டன்லப் தம் காப்புரிமையைக் கொடுத்துப் பங்குகளைப் பெற்றுக்கொண்டார்.

பஞ்சர் பிறந்தது

காற்று டயரோடு அதன் எதிரியும் கூடவே பிறந்தது. ஒரு முள் போதும். ஒரு கண்ணாடித் துண்டு போதும். டயர் படுத்துவிடும்.

இப்போது போல டயரைக் கழற்றி டியூபை உருவ முடியாது. டன்லப் செய்த டயர் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. சுற்றிய துணியைப் பிரித்து, ஓட்டையைத் தேடி அடைத்து, மறுபடியும் துணி சுற்றி ஒட்டி, பசை காயும் வரை காத்திருக்க வேண்டும்.

பிரான்சு நாட்டில் மிஷலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு 1889ல் ஒரு சைக்கிள்காரர் வந்தார். அவர் வண்டியில் இருந்தது டன்லப் டயர். அதைப் பழுது பார்க்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பசை காய ஓர் இரவு ஆயிற்று. மறுநாள் எட்வர்ட் மிஷலின் அதை ஓட்டிப் பார்த்தார். சில நூறு கஜம் போவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது!

கழற்றி மாட்டும் டயர் வேண்டும் என்ற எண்ணம் மிஷலினுக்கு அங்கேதான் பிறந்தது. 1891ல் அவர் செய்த டயரைப் போட்டுக்கொண்டு, சார்லஸ் டெரோன் என்ற வீரர் பாரிசில் இருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் நீண்ட பந்தயத்தில் வென்றார்.

இங்கிலாந்திலும் அதே யோசனை ஓடியது. 1890ல் வெல்ச் என்பவர், இரண்டு ஓரங்களிலும் கம்பி வைத்த டயரைச் செய்தார். அந்தக் கம்பி, பள்ளம் உள்ள ரிம்மில் போய் உட்காரும். வேண்டும்போது நெம்பிக் கழற்றலாம். நம் சைக்கிள் டயரின் இரு ஓரங்களைத் தடவிப் பாருங்கள். உள்ளே கம்பி தட்டுப்படும். வெல்ச் வைத்த கம்பிதான் அது! அதே ஆண்டு பார்ட்லெட் என்பவர் வேறு விதமாகக் கழற்றும் டயரைச் செய்தார்.

வுட்ஸ் என்பவர் காற்று உள்ளே போகும், ஆனால் வெளியே வராத வால்வைச் செய்தார். சாதா சைக்கிளில் வால்டியூப் மாட்டுகிறோமே, அந்த வால்வுதான்.

ஆக, நாம் டன்லப் டயர் என்று சொல்லும் பொருளில் பல பேருடைய மூளை இருக்கிறது.

இடி போன்ற செய்தி

கம்பெனி வளர்ந்துகொண்டிருந்தபோது, 1890ல் இடி போல ஒரு செய்தி வந்தது.

டன்லப்பின் காப்புரிமை செல்லாது!

காரணம்? அதே பொருளை 43 ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஒருவர் பதிவு செய்திருந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன்.

1845ம் ஆண்டு டிசம்பரில், 23 வயது வாலிபராக இருந்தபோது, தாம்சன் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் பூசிய துணிக்குழாய். அதற்கு மேல் தோல் உறை. 1847ல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் குதிரை வண்டிக்கு அதை மாட்டி ஓட்டியும் காட்டினார். வண்டி சத்தமே இல்லாமல் போனது.

ஆனால் அப்போது சைக்கிள் இல்லை, மோட்டாரும் இல்லை. குதிரை வண்டிக்காரருக்கு அவ்வளவு விலை கொடுத்து ரப்பர் வாங்கத் தேவையும் இல்லை. தாம்சன் வேறு வேலைகளில் இறங்கினார். சாலையில் ஓடும் நீராவி இஞ்சின் செய்தார். அதற்குக் கெட்டி ரப்பர் டயர் போட்டார். அவருடைய இஞ்சின்கள் 1870களில் நம் நாட்டுக்கும் வந்து, சாலையில் வண்டிகளை இழுத்துப் பார்த்தன. 1873ல் தாம்சன் இறந்துபோனார். காற்று டயரை உலகம் அடியோடு மறந்துவிட்டது. டன்லப்புக்கும் அதைப் பற்றித் தெரியாது.

யார் பெரியவர் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். முதலில் கண்டவர் தாம்சன். உலகத்தை ஓட வைத்தவர் டன்லப். விதை ஒருவர் போட்டது. பயிர் இன்னொருவர் வைத்தது. ஆனால் சட்டத்துக்குத் தேதிதான் கணக்கு. தேதி தாம்சன் பக்கம் இருந்தது.

காப்புரிமை போனதும் கம்பெனி விழுந்திருக்க வேண்டும். டு குரோ கெட்டிக்காரர். வெல்ச், பார்ட்லெட் இருவரின் உரிமைகளையும் விலைக்கு வாங்கினார். கழற்றி மாட்டும் வசதிதான் கம்பெனியைக் காப்பாற்றியது. அதாவது, டயரைக் கண்டுபிடித்ததைவிட, பஞ்சர் ஒட்ட வழி கண்டுபிடித்ததுதான் கம்பெனிக்குச் சோறு போட்டது!

கோடி யாருக்கு?

டன்லப் 1892ல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு டப்ளினுக்கு வந்தார். ஆனால் கம்பெனி நடத்தும் விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. டு குரோவோடு ஒத்துப் போகவில்லை. சில ஆண்டுகளில் விலகிவிட்டார்.

அவர் விலகிய கையோடு சைக்கிள் மோகம் உச்சிக்குப் போனது. 1896ல் டெர்ரா ஹூலி என்ற பங்கு வியாபாரி அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கினார். உடனே அதையே 50 லட்சம் பவுன் கம்பெனியாக்கிப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்.

அந்தப் பணத்தில் டன்லப்புக்குப் பங்கு கிடைக்கவில்லை. (ஹூலிக்கும் அது நிலைக்கவில்லை. இரண்டே ஆண்டில் திவால் ஆனார்!)

டன்லப் டப்ளினில் ஒரு துணிக்கடைக் கம்பெனியில் பங்கு வைத்துக்கொண்டு அமைதியாகக் காலம் கழித்தார். தெருவில் போகும் கார்களில் எல்லாம் அவர் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரின் சொந்தக்காரர் யாரும் கவனிக்காத ஒரு தாடிக்கார முதியவராக நடந்துகொண்டிருந்தார்.

படத்துக்கு ஒரு வழக்கு

டன்லப்புக்கு நீண்ட வெண்தாடி. அந்தத் தாடி முகத்தைக் கம்பெனி தன் முத்திரையாக வைத்துக்கொண்டது. அதற்கு அவர் சம்மதித்திருந்தார்.

ஆனால் பிற்காலத்தில் விளம்பரக்காரர்கள் அந்த முகத்துக்குக் கீழே வேறு உடம்பை வரைந்தார்கள். உயரமான தொப்பி, பகட்டான உள்சட்டை, ஒற்றைக் கண்ணாடி என்று ஒரு மைனர் வேடம் போட்டுவிட்டார்கள்!

வாழ்நாள் முழுவதும் அடக்கமாக வாழ்ந்தவருக்கு அது பொறுக்கவில்லை. பணம் போனபோது சும்மா இருந்தவர், மானம் போகிறது என்றதும் எழுந்தார். கம்பெனி மேல் வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போனது. டன்லப் என்ற மனிதர், டன்லப் என்ற கம்பெனியை எதிர்த்து நின்ற வழக்கு அது. அப்போது அவருக்கு 80 வயது.

1921ம் ஆண்டு அக்டோபர் 23ந் தேதி டப்ளினில் தம் வீட்டில் டன்லப் காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்து சுமார் 10 ஆயிரம் பவுன். ஏழை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் பெயரில் மற்றவர்கள் சம்பாதித்ததோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

அவர் எழுதி வைத்திருந்த காற்று டயர் வரலாற்றை, அவர் மகள் 1924ல் புத்தகமாக வெளியிட்டார். பிற்காலத்தில் வட அயர்லாந்தில் 10 பவுன் நோட்டில் அவர் படம் அச்சாயிற்று. அதில் மைனர் வேடம் இல்லை; தாடியோடு, உள்ளபடி இருந்தார்.

பால்மரமும் தமிழரும்

டன்லப் கதையில் தமிழருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

டயர் பெருகியதும் ரப்பருக்குப் பறந்தார்கள். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில், பெல்ஜியம் அரசர் லியோபோல்டின் ஆட்கள், காட்டு ரப்பர் கொண்டு வராத மக்களை அடித்தார்கள், கையை வெட்டினார்கள். ஒரு சிறுவன் குலுங்காமல் போக வேண்டும் என்று பிறந்த பொருள், எங்கோ இருந்தவர்களின் ரத்தத்தையும் குடித்தது.

1876ல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70 ஆயிரம் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அதில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. காடுகள் தோட்டங்கள் ஆயின. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் நம் கிராமங்களுக்கு வந்தார்கள்.

வடார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களில் இருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். 1911ல் தனி ஜில்லா ஆகும் வரை சித்தூரும் வடார்க்காட்டைச் சேர்ந்ததுதான். விடியும் முன் எழுந்து, பனியில் நடந்து, பால்மரம் வெட்டி, வாளி சுமந்தார்கள். டன்லப் கம்பெனியும் மலாயாவில் பெரும் தோட்டங்களை வாங்கியது. உலகம் ஓடிய டயரில், ஊர் விட்டுப் போன தமிழரின் வியர்வை கலந்திருக்கிறது.

மலை ஏறிய டயர்

நம் நாட்டில் டன்லப் கம்பெனி 1936ல் வங்காளத்தில் சாகஞ்ச் என்ற இடத்தில் தொழிற்சாலை வைத்தது. 1959ல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் இன்னொன்று வந்தது. அம்பத்தூர் டன்லப்பில் வேலை என்றால் பெண் கொடுக்கப் போட்டி போட்ட காலம் உண்டு. கை மாறிக் கை மாறி அந்த இரண்டும் 2010களின் தொடக்கத்தில் மூடிப் போயின. பெயர் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்தத் தொழிலாளர்கள் கண்ணீரோடு தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் டயர்த் தொழில் நம் பக்கத்தை விட்டுப் போகவில்லை. 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். கம்பெனி, பின்னால் அரக்கோணத்தில் டயர் செய்தது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த சின்னபண்டூரு கிராமத்தில், 2020ல் அப்பல்லோ டயர் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. அந்த ஊர் இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

திருமலைக்கும் டன்லப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் ஏழுமலையானைப் பார்க்க நடந்துதான் ஏற வேண்டும். முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். 1944ல் மலைச்சாலை திறக்கப்பட்டது. 1974ல் இரண்டாவது சாலையும் வந்தது. அத்தனை வளைவுகளிலும் பஸ்ஸைத் தாங்கி ஏற்றுவது, அன்று பெல்பாஸ்ட் முற்றத்தில் ஓடிய காற்றுதான்.

டியூப் போன கதை

டன்லப்பின் டயருக்கு உயிர், உள்ளே இருந்த டியூப். இப்போது அந்த டியூபே போய்விட்டது!

1940களில் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனி, டியூப் இல்லாத கார் டயரைச் செய்தது. சைக்கிளுக்கு அது மெதுவாகத்தான் வந்தது. 1970களில் கலிபோர்னியா மலைகளில் இளைஞர்கள் பழைய சைக்கிளைப் பலப்படுத்திக் கரடுமுரடான பாதையில் ஓட்டினார்கள். அதில் இருந்து மலைச் சைக்கிள் பிறந்தது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் சிக்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழுவது அவர்களுக்கு ஓயாத தொல்லை. 1999ல் பிரான்சு நாட்டுக் கம்பெனிகள் டியூப் இல்லாத மலைச் சைக்கிள் டயரை விற்பனைக்குக் கொண்டு வந்தன.

இன்று பருத்த டயர் போட்ட சைக்கிள்களை நம் ஊர்களிலும் பார்க்கிறோம். விலை உயர்ந்த சிலவற்றில் டியூப் இல்லை. அப்படி ஒரு வண்டி கடைக்கு வந்தால், பழைய பழக்கத்தில் டியூபைத் தேடக்கூடாது. வேலை வேறு.

அந்த ரிம்மில் கம்பி ஓட்டைகளை ஒரு நாடா மூடியிருக்கும். வால்வு ரிம்மிலேயே திருகப்பட்டிருக்கும். டயருக்குள் வெள்ளையாக ஒரு திரவம் இருக்கும். முள் குத்தினால் காற்று வெளியே பாயும்போது, இந்தத் திரவமும் கூடப் பாய்ந்து ஓட்டையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது என்ன தெரியுமா? ரப்பர் பால்! நம்மவர்கள் மலாயாவில் வாளியில் சுமந்த அதே பால்.

சிறிய ஓட்டை என்றால், முள்ளை எடுத்துவிட்டு, ஓட்டை தரைப் பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் போதும். திரவம் அங்கே சேர்ந்து அடைத்துவிடும். பிறகு காற்று அடித்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரியது என்றால், பசை ஏறிய ரப்பர்த் திரியைக் காது உள்ள ஊசியில் கோர்த்து, ஓட்டையில் குத்தி, ஊசியை மட்டும் வெளியே இழுக்க வேண்டும். திரி உள்ளே நின்றுகொள்ளும். மோட்டார் சைக்கிள் டயருக்குச் செய்வதுபோலத்தான். ஆனால் சைக்கிள் டயர் மெல்லியது. அதற்கு உரிய மெல்லிய திரிதான் வேண்டும்.

திரிக்கும் அடங்காவிட்டால் டயரைக் கழற்றி, உள்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துத் தேய்த்து ஒட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் வால்வைக் கழற்றிவிட்டுச் சாதா டியூபைப் போட்டு வீடு போய்ச் சேரலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திரவம் அடைத்துவிட்டதால் வெளியே தெரியாத பழைய முள்கள் டயரில் பல இருக்கும். நம் பக்கத்துக் கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விரலால் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்காமல் டியூபைப் போட்டால், பத்து இடத்தில் பஞ்சர்!

அந்தத் திரவம் என்றும் இருப்பதும் இல்லை. சில மாதங்களில் காய்ந்துவிடும். வெயில் கொளுத்தும் ஊரில் இன்னும் சீக்கிரம் காயும். வால்வைக் கீழ்ப்பக்கம் வராமல் வைத்துக் காற்றை இறக்கி, அவ்வப்போது பார்த்து ஊற்ற வேண்டும்.

பெயர் நிற்கிறது

தாம்சன் கண்டார், பலன் இல்லை. டன்லப் செய்தார், பணம் இல்லை. டு குரோவும் ஹூலியும் வாங்கி விற்றார்கள். பால்மரம் வெட்டியவர்களின் பெயர் எந்த டயரிலும் இல்லை.

ஆனாலும் கம்பெனித் தலைவர்களை இன்று யாருக்கும் தெரியாது. பெற்ற பிள்ளை குலுங்காமல் போக வேண்டும் என்று முற்றத்தில் பலகையை உருட்டிய தகப்பனின் பெயர்தான் நிற்கிறது.

டியூப் போய்விட்டது. நாளை ரப்பரும் மாறலாம். ஆனால் முள் இருக்கும் வரை பஞ்சர் இருக்கும். பஞ்சர் இருக்கும் வரை, சாலை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நம்மை மறுபடியும் ஓட வைக்கும் அந்தத் தொழிலாளியும் இருப்பார். டன்லப் தொடங்கிய வேலையை நாள்தோறும் முடித்து வைப்பவர் அவர்தான்.